ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு: பத்து வயதுக் காரைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மூன்று குளிர்காலங்களை ‘ஓல் சீசன்’ எனப்படும் சாதாரண டயர்களுடனேயே கடந்துவிட்டதாகவும், வேலை மாற்றத்தால் ஒக்டோபர் முடிவில் குடும்பத்துடன் மொன்றியலை அடுத்த லாவலுக்குக் குடிபெயர இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையில் இருப்பது முன்சில்லுகளால் இழுக்கப்படும், பத்து வயதான சிறிய கார். அதை எப்படி ஆயத்தப்படுத்துவது, எதற்கு முதலில் பணம் செலவிடுவது, அல்லது அதை விற்றுவிட்டு நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி ஒன்றை வாங்கிவிடுவதா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: விற்க வேண்டாம். நான்கு சில்லு இழுவை என்பது நின்ற இடத்திலிருந்து வண்டியைப் புறப்பட வைப்பதற்கு உதவும். ஓடும் வண்டியை நிறுத்துவதற்கோ வளைவில் தடம் மாறாமல் திருப்புவதற்கோ அது பெரிதாக எதையும் செய்வதில்லை. மொன்றியலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவன், அவற்றில் பல ஆண்டுகளைக் கராஜில் பிறருடைய வண்டிகளுக்கு அடியில் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பனிப்புயலுக்கு மறுநாள் நெடுஞ்சாலை ஓரப் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் பெரிய நான்கு சில்லு இழுவை வண்டிகளுக்குக் குறைவே இருப்பதில்லை. அவை எளிதாகப் புறப்பட்டுவிடுகின்றன. அந்த எளிமையே ஓட்டுநரை ஏமாற்றிவிடுகிறது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ‘காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா’ என்பதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான், ஆனால் வரிசையில் அது மூன்றாவதாக வரவேண்டியது. ஸ்டார்ட் ஆகாத வண்டியால் ஒருநாள் வேலைக்குப் பிந்துவீர்கள். நிற்க முடியாத வண்டியாலும், முன்கண்ணாடி வழியே எதுவும் தெரியாத வண்டியாலும் வருகிற இழப்பு அப்படிப்பட்டதல்ல. ஆகவே நிற்பது, பார்ப்பது, புறப்படுவது என்ற வரிசையிலேயே பணத்தையும் நேரத்தையும் செலவிடுங்கள்.

நிற்பது என்றால் டயர். மொன்றியலும் லாவலும் இருக்கும் கியூபெக்கில் இது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட விடயமும் அல்ல. அந்த மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். தொடக்கத்தில் டிசம்பர் 15 ஆக இருந்த நாளை 2019 இல் டிசம்பர் 1 ஆக முன்னகர்த்தினார்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, கியூபெக்கில் பதிவான பயணிகள் கார்களில் நான்கு சில்லுகளிலும் குளிர்கால டயர் இருந்தாக வேண்டும். இல்லையேல் 200 முதல் 300 டொலர் வரை தண்டப்பணமும் அதற்கு மேற்பட்ட செலவும் வரும். ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே குளிர்கால டயர் போடுகிறவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை அறியாமல் டிசம்பர் நடுப்பகுதியில் வந்து ‘இன்றைக்கே மாற்றித் தாருங்கள்’ என்று கேட்கிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். நவம்பர் இறுதி வாரத்தில் எந்தக் கராஜிலும் இடம் கிடைக்காது. குடிபெயர்வதற்கு முன்பே, ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் நேரம் குறித்துவிடுங்கள். ஸ்காபரோவிலேயே மாற்றிக்கொண்டு வந்தாலும் நல்லதுதான்.

டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரையப்பட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக் சட்டம் கேட்பது அந்தக் குறியைத்தான். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகளை மட்டும் காட்டி ‘இதுவும் பனிக்கு உகந்தது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது டயரின் பள்ள அமைப்பைக் குறிப்பதே தவிர, பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்று அல்ல. மலைக்குறிகூட இறுகிய பனியில் டயர் எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்ற சோதனைக்காகத் தரப்படுவதுதான். உறைந்த பனிக்கட்டியில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அது சொல்லாது. அதனால்தான், மலைக்குறி பெற்ற, ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டக்கூடிய ‘ஓல் வெதர்’ டயர்களை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. சட்டப்படி அவை போதும். ரொறன்ரோ நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் ஆண்டொன்றில் ரொறன்ரோவில் விழுவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு பனி மொன்றியலில் விழுகிறது. ஜனவரி இரவுகளின் சராசரியே −14 பாகை அளவில் இருக்கிறது. அங்கே தனிக் குளிர்கால டயர்தான் சரி.

‘ஓல் சீசன்’ டயருடன் மூன்று குளிர்காலம் எதுவும் நடக்கவில்லையே என்று நீங்கள் எழுதியதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பனி விழுவதுதான் சிக்கல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் சிக்கல் ரப்பரில் தொடங்குகிறது. சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறங்கும்போதே இறுகத் தொடங்கி, −15, −20 பாகையில் கடினமான பிளாஸ்டிக்கைப்போல ஆகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோலக் காணப்படும் நுண்ணிய வெட்டுகள், பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்கி, விளிம்புகளால் கட்டியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே சாலை காய்ந்து கறுப்பாகத் தெரிகிற நவம்பர் காலையிலும் இந்த டயர் வேலை செய்கிறது. உங்களுக்கு இதுவரை எதுவும் நடக்காததற்குக் காரணம் ரொறன்ரோவின் உப்பும், அங்கே பனி இரண்டொரு நாளில் கரைந்துவிடுவதும்தான்.

நான்கையும் மாற்ற வேண்டும். இழுப்பது முன்சில்லுதானே, இரண்டு போதும் என்று பணத்தை மிச்சம் பிடித்த ஒருவரின் வண்டியை நானே பள்ளத்திலிருந்து இழுத்திருக்கிறேன்: பிரேக்கை அழுத்தியதும் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் கதவு திறப்பதுபோலச் சுழன்று வந்துவிட்டது. முடிந்தால் டயர்களை அவற்றுக்கென்றே தனி இரும்பு ரிம்களில் ஏற்றி வாங்குங்கள். முதலாண்டில் செலவு கூடுதல். ஆனால் ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து கழற்றி ஏற்றும் கூலி மிச்சமாகும், டயரின் விளிம்பும் கெடாது, நல்ல அலுமினிய ரிம்கள் உப்பில் அரிபடாமல் தப்பும். உங்கள் காருக்குப் பொருந்துமானால் ரிம் ஒரு அங்குலம் சிறியதாகவும் டயர் சற்று ஒடுங்கியதாகவும் இருப்பது நல்லது. ஒடுங்கிய டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகன்றது அதன்மேல் மிதக்கப் பார்க்கும். ஆணி பதித்த டயர்கள் கியூபெக்கில் ஒக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதிக்கப்பட்டவை என்றாலும், தெற்கு ஒன்ராறியோவில் அவற்றுக்கு இடமில்லை. கலியாணம், கோயில் திருவிழா என்று அடிக்கடி ரொறன்ரோ போய்வரப் போகிறவருக்கு அவை வேண்டாம்.

பழைய குளிர்கால டயர்களை மலிவாகத் தருவதாகச் சொல்லுகிற உறவினர் நம்மவர்களில் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லும். 3521 என்றால் 2021 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். ஆறேழு ஆண்டுகளைக் கடந்த குளிர்கால டயரில் பள்ளம் எவ்வளவு மீந்திருந்தாலும் ரப்பர் தன் மென்மையை இழந்திருக்கும். அடுத்து பள்ளத்தின் ஆழம்: சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீற்றர் பனிக்குப் போதவே போதாது. 4 மில்லிமீற்றருக்குக் கீழே போன டயரை நான் பனியில் ஓட்ட விடமாட்டேன்.

டயர் மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லுகளின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்வார்கள். அதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். காற்றழுத்தத்தையும் குளிர் வந்தபின் மீண்டும் பாருங்கள். வெப்பநிலை 10 பாகை இறங்கும்போது டயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ குறையும். 25 பாகை வெயிலில் 33 பிஎஸ்ஐ இருந்த டயர் −15 பாகையில் 26, 27 என்று நிற்கும். வண்டி இரவெல்லாம் வெளியே நின்ற நிலையில், ஓட்டத் தொடங்கும் முன் அளந்து, ஓட்டுநர் கதவின் உட்தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்புக் கூடும் என்று சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். பாலைவன மணலுக்குச் சொன்னதை அவர்கள் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் மெக்கானிக்கிடம் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகள் ஒன்ராறியோ உப்பில் நனைந்த வண்டியில், பிரேக் பட்டைகள் தேய்வதற்கு முன்பே அவற்றைத் தாங்கும் கெலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத பிரேக், காய்ந்த சாலையில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பனியில் முதல் அழுத்தத்திலேயே வண்டி பக்கவாட்டில் திரும்பும். அவற்றைக் கழற்றித் துடைத்து மசகு பூசுவது ஒரு மணிநேர வேலை.

இனிப் பார்ப்பது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லொறி இறைக்கும் உப்புச் சேறு உங்கள் முன்கண்ணாடியில் விழுந்து, வைப்பர் ஒருமுறை இழுத்ததும் சாம்பல்நிறத் திரையாகப் படியும். அந்த நேரத்தில் கழுவும் திரவம் வராவிட்டால் நூறு கிலோமீற்றர் வேகத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். உங்கள் வண்டியின் தொட்டியில் கோடைத் திரவமோ தண்ணீரோ மீதி இருந்தால் அதை முதலில் அடித்துத் தீர்த்துவிட்டு, −40 பாகை வரை உறையாது என்று எழுதப்பட்டதை ஊற்றுங்கள். மீதியோடு கலந்தால் அந்த −40 வெறும் எழுத்துத்தான். மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 540 கிலோமீற்றரை ஓர் உப்பு நாளில் ஓட்டினால், கிட்டத்தட்ட நான்கு லீற்றர் கொள்ளும் ஒரு கான் முழுவதும் தீர்ந்துவிடக்கூடும். இன்னொன்று பின்பெட்டியில் இருக்கட்டும். அதில் உள்ளது மெதனோல், கடும் நஞ்சு. நிறம் நீலமாகக் குழந்தைகளைக் கவரும்படி இருக்கும் என்பதால் வீட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

வைப்பர்களைப் புதிதாக மாற்றுங்கள். இரவு பனி எதிர்பார்க்கப்பட்டால் அவற்றைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டுப் போகலாம். எப்படியிருந்தாலும் எஞ்சினை அணைக்குமுன் வைப்பரை அணையுங்கள். அதை மறந்தால், காலையில் சாவியைத் திருப்பியதும் கண்ணாடியோடு உறைந்த வைப்பரை மோட்டார் இழுக்கப் பார்த்து, மோட்டாரோ இணைப்புக் கம்பியோ போய்விடும்.

உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம். சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். என் முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் பிந்திய ஒரு காலையில், தேநீருக்குக் கொதித்த கேத்தலோடு நானே வெளியே ஓடியிருக்கிறேன். கண்ணாடியின் ஓரத்தில் இருந்த சிறு கல்வடு ஒரு நொடியில் மறுகரை வரை வெடித்து ஓடியது. மீதித் தண்ணீர் கதவிடுக்கில் இறங்கி உறைந்து, கதவும் திறக்கவில்லை. அத்தகைய கல்வடுக்கள் உங்கள் கண்ணாடியில் இருந்தால் குளிருக்கு முன்பே அடைத்துவிடுங்கள். உள்ளே வெப்பக் காற்றும் வெளியே −20 பாகையும் சேர்ந்தால் அவை தாமாகவே நீளும்.

கண்ணாடியின் உட்புறம் புகைபோல மூடுவதைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து புதுக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அழுத்தப்பட்டிருப்பதுதான் பத்தில் எட்டுமுறை காரணம். குளிரை உள்ளே விடக்கூடாது என்ற எண்ணத்தில் நம்மவர்கள் அதை அழுத்தி வைத்துவிடுகிறார்கள். நான்கு பேரின் மூச்சும், காலணியில் ஒட்டிவந்து உருகிய பனியும் ஈரமாக உள்ளேயே சுற்றிக் கண்ணாடியில் படிகின்றன. அதை நிறுத்திவிட்டு, சூடான காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, கூடவே ஏசியையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசியா என்று திகைக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது, சூட்டைக் குறைப்பதில்லை. கடும் குளிரில் அது தானாக நின்றுவிடும், அதனால் கெடுதி இல்லை. துணிக் கால்விரிப்புகளை எடுத்துவிட்டு, விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புகளைப் போட்டு, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டுங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தை ஒருமுறை நன்றாகத் துடையுங்கள். அழுக்குப் படிந்த கண்ணாடியில் புகை விரைவில் பிடிக்கும்.

வண்டியின் மேலுள்ள பனியை முழுவதுமாகத் தள்ளிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கண்ணாடியில் மட்டும் ஒரு சன்னல் அளவு சுரண்டிவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பொலிசார் நிறுத்துவார்கள். அதைவிட, கூரையில் இருக்கும் பனி முதல் பிரேக்கிலேயே சரிந்து உங்கள் முன்கண்ணாடியை மூடும், அல்லது நெடுஞ்சாலையில் பலகைபோலப் பறந்து பின்னால் வருகிறவரின் மேல் விழும். நீண்ட கைபிடியுள்ள தூரிகை வாங்குங்கள். முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்று நுழைவாயில், பின்விளக்குகள், பின்புறக் கமெரா, எண்தகடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றைத் துடையுங்கள். பனிக்குவியலுக்குள் புதைந்த புகைபோக்கியுடன் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே குழந்தைகளை உட்கார வைப்பது உயிரைப் பறிக்கும் செயல். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய கராஜுக்குள் வண்டியைச் சூடாக்குவதும் அதே வகைதான்.

விளக்கைப் பற்றி ஒரு சிறு விடயம். கனடாவில் 1990 முதல் வந்த கார்களில் பகல்நேர முன்விளக்கு தானாக எரியும். ஆனால் உங்கள் காரின் வயதுடைய பல கார்களில் அப்போது பின்விளக்கு எரிவதில்லை. முன்னால் வெளிச்சம் இருப்பதால் ஓட்டுநருக்கு அது தெரிவதுமில்லை. பனி பெய்யும்போது விளக்கு ஆளியைக் கையால் முழு நிலைக்குத் திருப்பும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் புறப்படுவது, அதாவது பற்றரி. −18 பாகையில் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அதே குளிரில் தடித்த எண்ணெயைக் கலக்கி எஞ்சினைச் சுழற்றுவதற்கோ வழக்கத்தைவிட மிகக் கூடுதலான விசை தேவைப்படுகிறது. பற்றரியின்மேல் அச்சிட்டிருக்கும் குளிர்த் தொடக்க மின்னோட்ட அளவு (சிசிஏ) இந்த −18 பாகையில் அளக்கப்படுவதுதான். உங்கள் வண்டியின் கையேடு கேட்பதற்குக் குறைவான எண்ணுள்ளதை மலிவு என்று வாங்காதீர்கள். பற்றரியை உண்மையில் கெடுப்பது கோடைவெயில்; குளிர் அந்தக் கேட்டை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளைத் தாண்டியதாக இருந்தால் ஒக்டோபரிலேயே சுமைச்சோதனை, அதாவது சுமை கொடுத்து வலுவை அளக்கும் சோதனை, செய்யுங்கள். உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகவே செய்வார்கள். சோதனையில் ‘எல்லைக்கோடு’ என்று வந்தால் மாற்றிவிடுங்கள். ஜனவரியில் அதே பற்றரிக்கு, இழுவை வண்டியின் கூலியையும் சேர்த்துக் கொடுப்பீர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இன்னொரு காரிலிருந்து மின்னெடுக்க நேர்ந்தால் வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியின் ஒரு முனை செத்த பற்றரியின் நேர்முனையில், மறுமுனை நல்ல பற்றரியின் நேர்முனையில். பிறகு கறுப்புக் கம்பி நல்ல பற்றரியின் எதிர்முனையில், அதன் கடைசி முனை உங்கள் எஞ்சினில் பூச்சில்லாத ஒரு உலோகப் பகுதியில், பற்றரிக்குத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். அது பற்றரி வெளியிடும் வாயுவுக்கு அருகில் பறக்கக்கூடாது. பற்றரி பக்கவாட்டில் புடைத்து உறைந்திருந்தால் எதையும் இணைக்காதீர்கள். மின் இறங்கிய பற்றரி −10 பாகைக்குக் கிட்டவே உறைந்துவிடக்கூடியது.

எண்ணெயைப் பொறுத்தவரை கையேடு சொல்வதை மீறத் தேவையில்லை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பவற்றில் முன்னாலுள்ள எண் குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் நல்லது. கையேடு இரண்டையும் அனுமதித்தால் லாவலில் 0டபிள்யூவைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி வினிப்பெக், எட்மன்டன் பக்கம் இன்றியமையாதது. மொன்றியலில் நல்ல பற்றரியும் சரியான எண்ணெயும் உள்ள காருக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை, ஒரு தவறான நம்பிக்கையைத் தவிர. ‘குளிர் கூடியதால் தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். கூலன்டின் மூலப்பொருளான எதிலீன் கிளைக்கோல், கலப்பில்லாமல் இருந்தால், −13 பாகையிலேயே உறையத் தொடங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததோ −37 வரை தாங்கும். மெக்கானிக் ஒரு சிறு கருவியில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

காலையில் வண்டியைப் பதினைந்து நிமிடம் நிற்கவைத்துச் சூடாக்குவது பழைய கார்பரேற்றர் காலத்துப் பழக்கம். நீங்கள் பனியைத் துடைத்து முடிக்கும் நேரமே எஞ்சினுக்குப் போதும்; அதன்பின் முதல் சில கிலோமீற்றர்களை மெதுவாக ஓட்டுவதில்தான் எஞ்சினும் கியர்பெட்டியும் சில்லுகளும் ஒருசேரச் சூடாகும். எரிபொருள் தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நெடுஞ்சாலை மூடப்பட்டு மணிக்கணக்கில் நிற்க நேர்ந்தால், உள்ளே சூடு தருவது அந்தப் பாதிதான்.

பின்பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கு நீளமான பட்டியல்கள் கிடைக்கும். நான் உண்மையில் பயன்படுத்தியவை இவை: கைபிடி மடங்கும் ஒரு பனிச் சவள், ஒரு பை மணல், மின்னிணைப்புக் கம்பி, தடித்த போர்வை, நெற்றியில் கட்டும் விளக்கு, ஒரு சோடி பழைய கையுறை, தொலைபேசிக்கு மின்னேற்றும் கம்பி. சவளை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தெருவில் நிறுத்திய காரைப் பனியகற்றும் வண்டி இடுப்பளவு இறுகிய பனியால் மூடிவிட்டுப் போய்விடும். அதோடு மொன்றியலில் தெருவிலிருந்து பனியை அள்ளுவதற்குமுன் செம்மஞ்சள் அறிவிப்புப் பலகை நடுவார்கள். அங்கே நிற்கும் கார்களை அகற்ற இழுவை வண்டி வரும்போது ஊளைபோன்ற ஓர் ஒலி கேட்கும். முதல் ஆண்டில் அதை ஏதோ அபாயச் சங்கென்று நினைத்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால், பிறகு காரைத் தேடித் தெருத் தெருவாக நடக்க வேண்டியிருக்கும்.

பனியில் புதைந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். சில்லு சுழன்று அடியிலுள்ள பனியைக் கண்ணாடிபோல ஆக்கிவிடும். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தோண்டி, மணலைத் தூவி, சில்லு வழுக்குவதைத் தடுக்கும் பொத்தானை அணைத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து எடுங்கள். வெளியே வந்ததும் அந்தப் பொத்தானை மறவாமல் மீண்டும் போடுங்கள்.

உங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள் என்று எழுதியதால் இதையும் சேர்க்கிறேன். பஞ்சு திணித்த தடித்த குளிர்க்கோட்டுடன் குழந்தையை இருக்கையில் அமர்த்திப் பட்டியைப் பூட்டினால், பட்டி இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிட, பட்டிக்கும் உடலுக்கும் இடையே ஒரு கைப்பிடி இடைவெளி வந்து, குழந்தை நழுவிவிடும். மெல்லிய உடையோடு பூட்டிவிட்டு, கோட்டையோ போர்வையையோ மேலே போர்த்துங்கள்.

கடைசியாகத் துரு. பத்து வயது வண்டி இன்னும் ஐந்து ஆண்டுகள் ஓடுமா என்பதை எஞ்சின் முடிவு செய்வதில்லை, அடிப்பாகம்தான் முடிவு செய்கிறது. இலையுதிர்காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அடியிலும் கதவுகளின் உள்ளேயும் துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பது, நான் கண்ட செலவுகளில் மிகவும் பயனுள்ள ஒன்று. ஏற்கெனவே துருப்பிடித்த இடத்திலும் அது பரவலை மெதுவாக்கும். தார்போன்ற கெட்டியான பூச்சைத் தவிருங்கள், அது உரிந்த இடத்தில் உப்புநீரை உள்ளே சிறைவைத்துவிடும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறும் நாட்களில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். −15 பாகையில் கழுவினால் கதவுகளின் ரப்பரும் பூட்டும் உறைந்துவிடும்; அந்த ரப்பர்களில் முன்கூட்டியே சிலிக்கோன் பூசிவைத்தால் கதவு இழுத்ததும் திறக்கும். நனைந்த வண்டியை நிறுத்தும்போது, சமதரையில், கைப்பிரேக்கை இழுக்காமல் ‘பி’ கியரில் மட்டும் விடுங்கள். கம்பியில் ஈரம் உறைந்து பிரேக் விடுபடாமல் போனதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

சட்டம் மார்ச் 15 இல் முடிகிறது என்பதற்காக மார்ச் 16 இல் டயரைக் கழற்ற ஓடாதீர்கள். ஏப்ரலிலும் மொன்றியலில் பனி விழும். காலை வெப்பநிலை தொடர்ந்து 7 பாகைக்கு மேல் நிற்கத் தொடங்கும் வரை, பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதி வரை, விட்டுவையுங்கள். அதற்குமேல் ஓட்டினால் மென்மையான ரப்பர் சூட்டில் விரைவாகத் தேய்ந்துவிடும். கழற்றியதும் உப்புப் போகக் கழுவி, எந்தச் சில்லு எந்த மூலையில் இருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, வெயில்படாத குளிர்ந்த இடத்தில் அடுக்கிவையுங்கள். இப்போது வண்டியில் இருக்கும் ‘ஓல் சீசன்’ டயர்களை எறிய வேண்டியதில்லை. அவற்றின் பள்ளம் இன்னும் நன்றாக இருந்தால், கோடைக்கு அவையே போதும்.